தொலைவை அருகில் காட்டும் இருகண் நோக்கி

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ள வடுவூர் ஏரி புதுக்கோலம் பூணுகிறது. வடதிசைக் குளிருக்கு அஞ்சிப் பறந்துவரும் வாத்தினங்களும், நம் நாட்டு நாரைகளும், நீர்க்காகங்களும், அரிவாள்மூக்கன்களும் அங்கே ஒன்றுகூடுகின்றன. 1999ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, 2022ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. கொள்ளிடத்திற்கு வடக்கே கரைவெட்டி ஏரியும், தெற்கே கடலோரத்தில் கோடியக்கரையும் இத்தகைய பெருமை பெற்றவையே. ஆயினும், கரையில் நின்று வெறுங்கண்ணால் நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பின்மீது கருநிறப் புள்ளிகள் சில மிதப்பதாகவே தோன்றும். அருகில் சென்று காண முயன்றாலோ, புள்ளிகள் அத்தனையும் எழுந்து பறந்துவிடும்.

இவ்விடத்தில்தான் ‘பைனாகுலர்’ என்று மக்கள் வழங்குவதும், நம் ஊர்ப் பெரியவர்கள் ‘தூரக்கண்ணாடி’ என்று அழைப்பதுமான இருகண் நோக்கி நமக்குத் துணை செய்கிறது. அண்மைக் காலமாக, பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு இக்கருவியை வாங்கித்தர விரும்பும் பெற்றோர் சிலர், “எதை வாங்கலாம் சாமி?” என்று நம்மிடம் கேட்கின்றனர். அறுவடைக் காசில் ஒரு பங்கை எடுத்து வாங்கும் பொருள் இது. ஆகவே, இதன் உள்ளமைப்பையும் இயல்புகளையும் அறிந்தபின் வாங்குவதே அறிவுடைமை. அவற்றை இங்கே ஒவ்வொன்றாகக் காண்போம்.

கருவி பிறந்த கதை

1608ஆம் ஆண்டு, ஹாலந்து நாட்டில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் குழாய் ஒன்றிற்கு உரிமை கோரி அந்நாட்டு அரசிடம் விண்ணப்பித்தார். இரு கண்களாலும் காணத்தக்கதாக அதைச் செய்து தருமாறு ஆட்சியாளர் கேட்க, அவ்வாறே அவர் செய்தும் கொடுத்தார். ஆக, ஒற்றைக் குழாய் பிறந்த ஆண்டிலேயே இரட்டைக் குழாயும் பிறந்துவிட்டது எனலாம். 1610ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கலிலேயோ தம் தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பி, அதனைச் சுற்றிவரும் நான்கு நிலவுகளைக் கண்ட செய்தியைப் பலரும் அறிவர்.

கலிலேயோவின் கருவியில் முன்புறம் குவிவில்லையும், கண்ணருகே குழிவில்லையும் இருந்தன. அது பொருளை நேராகக் காட்டும். ஆனால் அதில் தெரியும் பரப்போ மிகக் குறுகியது. 1611ஆம் ஆண்டில் கெப்ளர் என்னும் அறிஞர், கண்ணருகிலும் குவிவில்லையையே வைக்கலாம் என்று விளக்கினார். அதனால் காட்சிப் பரப்பு அகன்றது. ஆனால் உருவம் தலைகீழாகத் தெரிந்தது. விண்மீனைக் காண்போர்க்கு மேலும் கீழும் ஒன்றே. மரத்தில் அமர்ந்த கொக்கைக் காண்போர்க்கோ அது பெருந்தொல்லை. இத்தொல்லையை எளிய வழியில் தீர்த்தவர் இத்தாலி நாட்டுப் பொறியாளர் இஞ்ஞாசியோ போரோ. 1854ஆம் ஆண்டில் இரு கண்ணாடி முப்பட்டகங்களைக் கொண்டு உருவத்தை நிமிர்த்தும் முறைக்கு அவர் உரிமை பெற்றார். செர்மனியின் ட்சைஸ் தொழிற்சாலையில் ஏர்ன்ஸ்ட் அபே என்னும் பேரறிஞரின் முயற்சியால் இத்தகைய இருகண் நோக்கிகள் 1894ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தன. இன்று நம் கையிலிருப்பது அவற்றின் வழித்தோன்றலே.

உள்ளே நடப்பது என்ன?

இருகண் நோக்கி என்பது அருகருகே பிணைக்கப்பட்ட இரு தொலைநோக்கிகளே அன்றி வேறன்று. ஒவ்வொரு குழாயிலும் மூன்று உறுப்புகள் உள. முன்புறமுள்ள பெரிய குவிவில்லை, தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் ஒளியைத் திரட்டிக் குழாயினுள்ளே சிறியதொரு தலைகீழ் உருவத்தை அமைக்கிறது. கண்ணருகேயுள்ள வில்லை, பூதக்கண்ணாடியைப் போல அவ்வுருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. முன்வில்லையின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். முன்னது 160 மில்லிமீட்டராகவும் பின்னது 20 மில்லிமீட்டராகவும் இருந்தால், உருப்பெருக்கம் 8 ஆகும்.

இவ்விரண்டிற்கும் நடுவே இருப்பவை முப்பட்டகங்கள். கண்ணாடிக்குள் செல்லும் ஒளிக்கதிர், அதன் சுவரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சாய்வில் விழுந்தால், வெளியேற வழியின்றி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்று பள்ளியில் படித்திருப்போம். போரோவின் முறையில் ஒரு முப்பட்டகம் இடவலத்தை மாற்றுகிறது. மற்றொன்று மேல்கீழை மாற்றுகிறது. இவ்வாறு நான்கு முறை திரும்பிய ஒளி, நிமிர்ந்த உருவத்தோடு கண்ணை அடைகிறது. ஒளி மடிந்து மடிந்து செல்வதால் நெடிய குழாயும் தேவைப்படுவதில்லை. மேலும், முன்வில்லைகள் நம் கண்களைக் காட்டிலும் அதிகமாக விலகி நிற்பதால், முன்னே நிற்பது எது, பின்னே நிற்பது எது என்ற ஆழவுணர்வும் மிகுகிறது.

மற்றொரு வகை, வீட்டுக்கூரை போன்ற விளிம்புடைய முப்பட்டகத்தைக் கொண்டது. இதில் குழாய்கள் வளைவின்றி நேராக இருக்கும்; கைக்கு அடக்கமாகவும் அமையும். ஆனால் அக்கூரை விளிம்பை மிக நுட்பமாகத் தீட்ட வேண்டியிருப்பதாலும், தனி மேற்பூச்சு வேண்டியிருப்பதாலும் செலவு கூடுகிறது. எனவே, குறைந்த விலையில் வாங்குவோர்க்குத் தோள் புடைத்த பழைய போரோ வகையே பெரும்பாலும் தெளிவான காட்சியைத் தரும்.

எழுதியிருக்கும் இரண்டு எண்கள்

கருவியின்மீது 8×42, 7×50, 10×25 என்றவாறு இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். எட்டு மடங்கு பெருக்கும் கருவி, 80 மீட்டர் தொலைவில் நிற்கும் நாரையை 10 மீட்டர் தொலைவில் நிற்பதுபோலக் காட்டும். இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டம்; மில்லிமீட்டரில் சொல்லப்படுவது.

வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டுமே பார்க்கின்றனர். உண்மையில் இரண்டாம் எண்ணே ஒளியைத் தீர்மானிக்கிறது. மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் வைக்கும் அண்டாவின் வாய் அகன்றிருந்தால் நீர் மிகுதியாகச் சேர்வதுபோல, முன்வில்லை அகன்றிருந்தால் ஒளி மிகுதியாகச் சேரும். 42 மில்லிமீட்டர் வில்லை, 25 மில்லிமீட்டர் வில்லையைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளியைத் திரட்டுகிறது.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும். கருவியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால், கண்ணருகு வில்லையில் சிறியதோர் ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டமே இந்த வகுத்துக் கிடைத்த எண். 8×42இல் அது 5.25 மில்லிமீட்டர், 7×50இல் ஏறத்தாழ 7, 10×25இல் 2.5 மட்டுமே. நண்பகல் வெயிலில் நம் கண்ணின் பாவை 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்போது 10×25உம் போதும். ஆனால் பறவைகள் இரைதேடிப் பறப்பது விடியலிலும் அந்தியிலும் அல்லவா? அவ்வேளையில் பாவை விரிந்துவிடுகிறது. சிறிய ஒளிவட்டத்தைத் தரும் கருவியில் காட்சி மங்கி இருளடைந்து தோன்றும். இளைஞரின் பாவை இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். நம்மைப் போல் ஐம்பதைக் கடந்தோர்க்கு அது பெரும்பாலும் 5 அளவோடு நின்றுவிடும். ஆகவே, முதியோர் 7×50ஐச் சுமந்து சென்றாலும் அதன் ஒளி முழுவதையும் அவர்தம் கண் ஏற்பதில்லை.

பெருக்கம் மிகுந்தால் தீமை என்ன?

“பத்தைக் காட்டிலும் இருபது நல்லதல்லவா?” என்று கேட்கலாம். அன்று. பெருக்கம் மிகும்போது மூன்று தீமைகள் உடன்வருகின்றன. முதலாவது, கருவி பொருளை மட்டுமன்று, கையின் நடுக்கத்தையும் பெருக்குகிறது. பத்துக்கு மேற்பட்டால், தாங்கு முக்காலி இல்லாமல் நிலையாகக் காண்பது பெரும்பாலோர்க்கு அரிது. இரண்டாவது, காட்சிப் பரப்பு குறுகுகிறது. எட்டு மடங்குக் கருவி ஒன்றில் 7 டிகிரி அகலம் தெரிந்தால், 1000 மீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ 122 மீட்டர் அகலம் கண்ணுக்குள் அடங்கும். பெருக்கம் கூடக்கூட இது சிறுத்து, பறக்கும் பறவையைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். மூன்றாவது, ஒளி குறைகிறது.

கோடியக்கரைக்குச் சென்றவர்கள் நான்காவது தீமையையும் அறிவர். வேதாரணியத்தை அடுத்த உப்பளங்களின்மீது நண்பகலில் கானல் நெளிந்தாடும். அவ்வேளையில் பூநாரைகளைப் பெரும் பெருக்கத்தில் நோக்கினால், பறவைக்கு முன்னே கானலே பெரிதாகத் தெரியும். அங்கே தேவைப்படுவது பெரிய எண்ணன்று. காலை ஆறு மணிக்கே கரையில் நிற்கும் வழக்கம்.

எனவே, வயல்வெளிக்கும் ஏரிக்கரைக்கும் ஏற்றது 8×40 அல்லது 8×42. எடை குறைவாக இருக்க வேண்டும் என்போர்க்கும் சிறுவர்க்கும் 8×30 போதும். படகில் கடலுக்குச் செல்வோர் 7×50ஐ விரும்புவர். ஆடும் படகில் குறைந்த பெருக்கமும் பெரிய ஒளிவட்டமுமே உதவும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

சில ஆண்டுகளுக்குமுன் நம் பங்கைச் சேர்ந்த உழவர் ஒருவர், திருவிழாக் கடையொன்றில் தம் மகளுக்கு இருகண் நோக்கி வாங்கிவந்தார். பெட்டியின்மீது அறுபது மடங்கு என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெண்பிள்ளை இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டுத் தலைவலி என்று வைத்துவிட்டாள். நாம் அதை வாங்கிச் செங்கற்சுவர் ஒன்றின்முன் நின்று சோதித்தோம். ஒரு கண்ணால் குழாய் வழியாகவும், மறு கண்ணால் வெறுமனேயும் சுவரைக் காண வேண்டும். குழாயில் தெரியும் ஒரு செங்கல்லின் உயரத்திற்குள், வெறுங்கண்ணில் தெரியும் செங்கல் வரிசைகள் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணினால் உண்மைப் பெருக்கம் தெரிந்துவிடும். எட்டு வரிசைகூட அடங்கவில்லை. அது மட்டுமன்று, இரு குழாய்களும் ஒரே திசையை நோக்கவில்லை. தலைவலிக்குக் காரணம் அதுவே. பிள்ளையின் கண்ணில் குறையில்லை என்றறிந்த தந்தைக்குப் பணம் போன வருத்தத்தினும் அந்த ஆறுதலே பெரிதாயிற்று.

ஆகவே வாங்குமுன் பின்வருவனவற்றைச் சோதித்தறிக. தொலைவிலுள்ள மின்கம்பியையோ கோபுர உச்சியையோ நோக்குக. உருவம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலும், கண் இழுபடுவதுபோல் உணர்ந்தாலும் அக்கருவியைத் தவிர்க்க. ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க. ஓரங்கள் சதுரமாகச் சாம்பல் நிறத்தில் வெட்டுண்டிருந்தால், முப்பட்டகக் கண்ணாடி தரத்தில் குறைந்தது. வெண்சுவருக்கு எதிரே நிற்கும் கரிய கம்பியின் ஓரத்தில் ஊதா அல்லது மஞ்சள் விளிம்பு மிகுதியாகத் தெரிந்தால், வில்லை நிறங்களை ஒன்றுசேர்க்கத் தவறுகிறது என்று பொருள்.

வில்லையின் மேற்பூச்சையும் கவனிக்க வேண்டும். பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு குழாயில் இத்தகைய பரப்புகள் பத்து இருந்தால், ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகிறது. 1935ஆம் ஆண்டு ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த மெல்லிய பூச்சு இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. நல்ல பூச்சுடைய வில்லையைச் சாய்த்துப் பார்த்தால், விளக்கின் பிரதிபிம்பம் மங்கலான பச்சையிலோ ஊதாவிலோ தெரியும். வெண்மையாகப் பளிச்சிட்டால் பூச்சில்லை. நெருப்புபோல் சிவந்து மின்னும் வில்லை, கண்ணுக்குக் கவர்ச்சியாக இருப்பினும் பெரும்பாலும் தரமானதன்று.

கண்ணுக்குப் பொருத்தும் முறை

நல்ல கருவியையும் பொருத்தத் தெரியாமல் பழிப்போர் உண்டு. முதலில் நடுக்கீலை மடக்கியும் விரித்தும், இரு வட்டங்கள் ஒரே வட்டமாகத் தெரியும்வரை சரிசெய்க. பின்னர் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குக. அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலப்புறக் கண்ணருகு வில்லையிலுள்ள வளையத்தை மட்டும் திருகி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குக. நம் இரு கண்களின் பார்வையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேற்றுமையை ஈடுசெய்வதற்கே இவ்வளையம். ஒருமுறை பொருத்திய பின், நடுச்சக்கரம் ஒன்றே போதும். வீட்டில் பலர் பயன்படுத்துவதானால், அவரவர் வளையத்தின் நிலையை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் அதைக் கழற்றாமலேயே காணலாம். கண்ணருகேயுள்ள ரப்பர் விளிம்பை மடித்துவிட வேண்டும். அவர்கள் வாங்கும்போது, கண்ணை 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தள்ளிவைத்தும் முழுக்காட்சி தெரிகின்ற கருவியைக் கேட்டு வாங்குக. கை நடுங்குமானால், முழங்கையை முழங்காலில் ஊன்றியோ, தென்னை மரத்தில் சாய்ந்தோ நோக்கலாம்.

இரவு வானில்

மழை ஓய்ந்த மார்கழி, தை இரவுகளில் இக்கருவி வானையும் நமக்குத் திறந்து காட்டும். வெறுங்கண்ணுக்கு ஆறோ ஏழோ எனத் தெரியும் கார்த்திகை மீன்கூட்டம், 7×50இல் பற்பல விண்மீன்களாகப் பொலியும். நிலவின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். மதில்மேல் ஊன்றி அசையாமல் பிடித்தால், கலிலேயோ கண்ட வியாழனின் நிலவுகளையும் காணலாம்.

தமிழகக் கடற்கரையிலிருந்தே தொலைநோக்கியால் நிகழ்ந்த கண்டுபிடிப்பொன்றும் உண்டு. 1689ஆம் ஆண்டு டிசம்பரில், பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு ழான் ரிஷோ, புதுச்சேரியில் வால்மீன் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது தென்வானில் ஒளிரும் ஆல்ஃபா செந்தாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டார். வைகாசி இரவுகளில் தஞ்சைத் தரணியிலிருந்தும் அவ்விண்மீன் தெற்கே தாழத் தெரியும். அதனை இரண்டாகப் பிரித்துக் காண இருகண் நோக்கியின் பெருக்கம் போதாது, தொலைநோக்கியே வேண்டும்.

ஒன்றைப் பெற்றோர் மறத்தலாகாது. எக்காரணங்கொண்டும் இக்கருவியால் சூரியனை நோக்கலாகாது. ஒரு நொடியும் ஆகாது. திரட்டிய வெயில் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரையில் வலியுணர்வு இல்லாமையால், கேடு நேர்வதே முதலில் தெரியாது. போன பார்வை மீளாது போகலாம். பிள்ளைகள் கையில் தருமுன் இதைச் சொல்லித் தருக. சூரிய கிரகணத்தன்று கருவியைப் பூட்டிவைக்க.

பேணும் முறை

டெல்டாவின் ஈரக்காற்று வில்லைகளுக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துணிப்பையில் கட்டி அலமாரியில் வைத்த கருவியினுள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்துவிடும். அது கண்ணாடியையே அரித்துவிடக்கூடும். காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே தக்கது. அரிசிப் பானைக்குள் வைப்பது வேண்டா. அதன் தவிடும் மாவும் திருகுகளில் புகும். குழாய்க்குள் நைட்ரஜன் நிரப்பி மூடிய கருவிகளில் உட்புறம் ஈரம் புகுவதில்லை. விலை சற்றுக் கூடினாலும் நம் பகுதிக்கு அவை உகந்தவை.

வில்லையில் தூசு படிந்தால் வேட்டி முனையாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்கலாகாது. கடற்கரையின் உப்பும் மணலும் சேர்ந்து மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, பிறகு சுத்தமான மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் துடைக்க. திருகுகளைக் கழற்றி நாமே பிரித்துப் பார்ப்பது, இரு குழாய்களின் நேர்மையைக் கெடுத்துவிடும்.

பறவையின் அமைதி

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூடுகட்டும் பறவைகள் அஞ்சிவிடுமென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டருகே ஆள் நடமாடினால், தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும்; அந்நேரத்தில் முட்டைகளை வெயில் சுடும், குஞ்சுகளைக் காகம் கொத்தும். கரையில் நின்று காணும் வசதியை இருகண் நோக்கி நமக்குத் தருவதால், பறவைக்கு இந்த இடர் நேர்வதில்லை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்துவருகின்றனர். காலில் நிறப்பட்டை அணிந்த பறவையைத் தொலைவிலிருந்தே கண்டு குறித்துக்கொள்வதும் இத்தகைய கருவிகளால் இயல்கிறது.

அறுவடை முடியுமுன் நம் வயல்களில் நத்தை தேடி நடக்கும் நத்தைகுத்தி நாரையை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. வழுக்கும் நத்தையைப் பற்றுவதற்கு வாய்த்த அமைப்பு அது. குஞ்சுகளின் அலகில் அவ்விடைவெளி இராது. வளர வளரவே தோன்றும். வரப்பில் நின்றபடி எட்டு மடங்குக் கருவியால் நோக்கினால், எது இளம்பறவை, எது முதிர்ந்தது என்று ஒரு சிறுமிகூடச் சொல்லிவிடலாம். அடுத்தமுறை அந்நாரை உங்கள் வயலில் இறங்கும்போது, விரட்டாமல் சற்றே நின்று அதன் அலகை நோக்குங்கள்.